உயிர்ப்பும் நுரையீரலும்

உணவின்றி மனிதன் பல நாள் வாழ்தல் கூடும். நீரின்றிச் சில நாள் வாழ்தல் கூடும். காற்றின்றிச் சில நிமிடங்கள் வாழ்தலும் அரிது. பிறந்த குழவி இவ்வுலகில் முதன்முதற் செய்யும் பெருஞ்செயல் மூச்சை உள்ளிழுத்தலே ஆகும். அன்று தொடங்கிய அச்செயல், உண்ணும்போதும் உறங்கும்போதும் ஓயாது நடைபெறுகின்றது. வளர்ந்த ஒருவர் அமைதியாக இருக்கும்போது, நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்சென்று வெளிவருகின்றது. இச்செயலுக்கு உயிர்ப்பு என்பது தமிழில் வழங்கும் பெயர். உயிரோடு அதற்குள்ள உறவை அச்சொல்லே உணர்த்தும்.

உயிர்ப்புக்குரிய உறுப்பு நுரையீரல். நுரை போன்ற ஈரல் என்பது அப்பெயரின் பொருள். ஆட்டின் நுரையீரலை நீரில் இட்டால், அது மூழ்காது மிதக்கும். அதனுள் எண்ணிறந்த காற்றுக் குமிழிகள் செறிந்திருத்தலே அதற்குக் காரணம். நம் மார்புக்கூட்டினுள் இரண்டு நுரையீரல்கள் உள்ளன. வலப்புறத்து நுரையீரல் மூன்று மடல்களை உடையது. இடப்புறத்தது, இதயத்திற்கு இடம் தந்து, இரண்டு மடல்களோடு சற்றுச் சிறுத்திருக்கின்றது.

காற்று இவற்றுள் எங்ஙனம் புகுகின்றது? கொல்லன் உலைக்களத்துத் துருத்தியைக் கண்டோர் இதனை எளிதில் அறிவர். துருத்தியை விரித்தால் காற்று அதனுள் புகும், அமுக்கினால் வெளியேறும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே, கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்த தசை ஒன்று உள்ளது. அதற்கு உதரவிதானம் என்று பெயர். அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்குகின்றது. விலா எலும்புகளுக்கு இடையேயுள்ள தசைகள் அவ்வெலும்புகளை மேலே தூக்குகின்றன. அதனால் மார்புக்கூடு விரிய, நுரையீரலும் உடன் விரிகின்றது. உள்ளே காற்றின் அழுத்தம் குறைகின்றது. வெளிக்காற்று உள்ளே பாய்கின்றது. காற்றுப் புகுவதால் மார்பு விரிவதன்று. மார்பு விரிவதாலேயே காற்றுப் புகுகின்றது. அத்தசைகள் தளர்ந்தவுடன் நுரையீரல் தானே சுருங்கிக் காற்றை வெளியே விடுகின்றது.

மூக்கின் வழியே சென்ற காற்று, குரல்வளையைக் கடந்து மூச்சுக்குழலை அடைகின்றது. அக்குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் மேலும் மேலும் கிளைத்து, தலைகீழாக நட்ட மரம்போல் பரவுகின்றது. ஏறத்தாழ 23 முறை கிளைத்தபின், அதன் நுனிகளில் திராட்சைக் கொத்துப் போலக் காற்று நுண்ணறைகள் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே. எனினும் இரு நுரையீரல்களிலும் சேர்ந்து அவை சற்றேறக்குறைய 48 கோடி உள்ளன. அவற்றின் உட்பரப்பு முழுவதையும் விரித்தால், அது ஏறத்தாழ 70 சதுர மீட்டர் இருக்கும். பல அறைகளையுடைய ஒரு வீட்டின் தரைப்பரப்பு நம் மார்பினுள் மடிந்து கிடக்கின்றது எனலாம்.

ஒவ்வொரு நுண்ணறையையும் மயிரினும் நுண்ணிய குருதிக் குழல்கள் வலைபோல் சூழ்ந்துள்ளன. அவற்றைத் தந்துகிகள் என்பர். 1661ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் மால்பிஜி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியால் ஆராய்ந்து இவற்றை முதன்முதற் கண்டார். காற்றுக்கும் குருதிக்கும் இடையே நிற்கும் சுவர் மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், அச்சுவரின் பருமன் பல இடங்களில் அக்கூறு ஒன்றினும் குறைவே.

இம்மெல்லிய சுவரின் வழியாக ஒரு பண்டமாற்று நடைபெறுகின்றது. உடலெங்கும் சென்று பிராணவாயுவைக் கொடுத்துவிட்டு, கரியமிலவாயுவைச் சுமந்து வரும் குருதியை இதயம் நுரையீரலுக்கு அனுப்புகின்றது. வாயு எதுவும் தன் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குச் செல்லும் இயல்பினது. பாதரச அளவில், நுண்ணறையில் பிராணவாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். அங்கு வந்து சேரும் குருதியில் அது 40. ஆகவே, பிராணவாயு குருதியுட் புகுகின்றது. கரியமிலவாயுவோ குருதியில் 46, நுண்ணறையில் 40. ஆகவே, அது வெளியேறுகின்றது. உட்புகுந்த பிராணவாயுவைச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் பற்றிக்கொள்கின்றது. சிவப்பணு ஒன்று தந்துகியைக் கடக்க ஒரு வினாடியில் முக்கால் பங்கே ஆகும். அதற்குள் இப்பண்டமாற்று முடிந்துவிடுகின்றது. நாம் உள்ளிழுக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. வெளிவிடும் காற்றில் ஏறத்தாழ 16 பங்கு.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நுண்ணறைகளின் உட்புறம் ஈரமானது. நீர் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளும் இயல்பினது. தாமரையிலைமேல் நீர் முத்துப்போல் திரள்வதும் அவ்வியல்பினாலேயே. இதனைப் பரப்பு இழுவிசை என்பர். அவ்விசை அத்துணைச் சிறிய அறைகளை இறுக்கி மூடிவிடாதோ? தனி நீரை எவ்வளவு அலைத்தாலும் குமிழிகள் நில்லாது உடையும். பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரை அலைத்தால், நுரை பொங்கி நெடுநேரம் நிற்கும்; பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் அந்நீரில் கலந்திருத்தலே காரணம். அத்தகைய பொருள் ஒன்றை நுரையீரலும் தானே சுரக்கின்றது. கொழுப்பும் புரதமும் சேர்ந்த அப்பொருள், நுண்ணறைகள் மூடிக்கொள்ளாதவாறு காக்கின்றது. 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் பாட்டில், நுரையீரலிலிருந்து எடுத்த குமிழிகள் எளிதில் உடையாது நிற்றலைக் கண்டு வெளியிட்டார்.

கருவிலுள்ள குழவிக்கு இப்பொருள் போதிய அளவு உண்டாவது ஏறத்தாழ 35ஆம் வாரத்தில்தான். அதற்கு முன் பிறக்கும் குழந்தைகள் பல மூச்சுத் திணறி மாண்டன. காரணம் விளங்காது மருத்துவர் மயங்கினர். 1959ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும், இப்பொருளின் குறையே அந்நோய்க்குக் காரணம் எனக் காட்டினர். காரணம் தெரிந்தும் மருந்து கிட்டவில்லை. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்குப் பாட்ரிக் என்னும் மகன் ஐந்து வாரங்களுக்கும் மேலாக முந்திப் பிறந்தான். அந்நாட்டின் செல்வமும் அதிகாரமும் அக்குழவிக்கு ஒரு நல்ல மூச்சை அளிக்க இயலவில்லை. ஆகஸ்டு 9ஆம் நாள் அவன் இறந்தான். ஏறத்தாழ 17 ஆண்டுகள் கழித்து, 1980இல், சப்பான் நாட்டு மருத்துவர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்த அப்பொருளைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழலுள் செலுத்தி நற்பயன் கண்டார். இன்று இம்மருத்துவம் உலகெங்கும் குறைமாதக் குழந்தைகளைக் காத்து வருகின்றது. தலைவரின் மகனுக்கு அன்று கிட்டாதது, ஏழையின் குழந்தைக்கும் இன்று கிட்டுகின்றது. அறிவின் பயன் இதுவே அன்றோ?

பெரிதும் முயன்று பிறர் குழவிக்குப் பெற்றுத் தரும் இந்நலத்தை, நாம் பிறவியிலேயே பெற்றுள்ளோம். புகையிலைப் புகை, அடுப்புப் புகை, கற்றூள் முதலியன நாள்தோறும் உட்செல்லின், நுரையீரல் சீர்கெடும். புகை பிடிப்போர்க்கு நுண்ணறைகளின் சுவர்கள் அழிந்து, பல அறைகள் ஒன்றாகிவிடும். பண்டமாற்று நடைபெறும் பரப்பு அதனாற் குறையும். அழிந்த சுவர் மீண்டும் எழுவதில்லை. ஆதலின், மாணவர்களே, தூய காற்றை நாடுங்கள். புகையை அறவே விலக்குங்கள். நம்மை ஒரு கணமும் மறவாது உழைக்கும் உறுப்பை நாம் மறத்தல் தகாது.