மோட்டாரின் வேக எல்லை

நம்மில் பலர் ஊருக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸை இப்போது பெரும்பாலும் இழுப்பது டபிள்யூ.ஏ.பி-7 வகை மின்சார எஞ்சின். 2000ஆம் ஆண்டு வாக்கில் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் உருவான வகை இது. இதில் 850 கிலோவாட் இண்டக்‌ஷன் மோட்டார்கள் ஆறு உண்டு. மோட்டாரின் நிர்ணய வேகம் நிமிடத்துக்கு 1283 சுற்று. ஆனால் எஞ்சின் தன் உச்ச வேகமான 140 கிலோமீட்டரில் ஓடும்போது அதே மோட்டார் ஏறத்தாழ 2450 சுற்று சுற்றுகிறது. எப்படித் தாங்குகிறது?

இண்டக்‌ஷன் மோட்டார் நமக்குப் புதிதல்ல. வீட்டு மின்விசிறி, ஃபிரிட்ஜ், கூலர் பலவற்றிலும் இருப்பது இதுதான். (மிக்சியில் இருப்பது வேறு ஜாதி, அதற்குக் கார்பன் பிரஷ் உண்டு.) வெளிச்சுற்றுக் கம்பிகளில் மின்சாரம் பாய்ந்ததும் ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு சற்றே பின்தங்கி ஓடுகிறது. நான்கு துருவ மோட்டாரில், 50 ஹெர்ட்ஸில் புலம் 1500 சுற்று. ரோட்டார் சுமார் 1440. ஆக, வேகத்தை முடிவு செய்வது ஹெர்ட்ஸ்தான். எஞ்சினில் மேல்கம்பியின் 25,000 வோல்ட் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, டி.சி.யாக்கி, மறுபடி வேண்டிய ஹெர்ட்ஸில் மூன்று ஃபேஸ் ஏ.சி.யாக்கிக் கொடுக்கிறார்கள்.

ஹெர்ட்ஸை ஏற்றும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் காந்தப்புலம் வலு குறையாமல் இருக்கும். 1283 சுற்றில், அதாவது வண்டி சுமார் 73 கிலோமீட்டரில் போகும்போது, வோல்டேஜ் தன் உச்சமான 2180ஐத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஹெர்ட்ஸ் மட்டுமே ஏறும், காந்தம் மெலியும். வேகம் இரண்டு மடங்கானால் முறுக்குவிசை பாதியாகிவிடும். ஆனால் விசையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பதுதானே திறன்? அது அதே 850 கிலோவாட்டாக நிற்கிறது. ரயிலுக்கு இது போதும். கிளம்பும்போதுதான் அதற்குப் பெரும் இழுவை தேவை. பழைய டி.சி. எஞ்சின்களில் காந்தத்தை மெலியவைக்கத் தனியாக ரெசிஸ்டன்ஸ் இணைத்தோம். இங்கே அது தானாகவே நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இதற்கும் எல்லை உண்டு. மோட்டார் நின்றுபோகாமல் தாங்கும் உச்ச முறுக்குவிசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது: இரண்டு மடங்கு வேகத்தில் கால்பங்குதான். ரோட்டாரைப் பிய்க்கப் பார்க்கும் மையவிலக்கு விசையோ நான்கு மடங்காகிறது. இதையெல்லாம் கணக்கிட்டே எஞ்சின் மோட்டாரைக் கட்டுகிறார்கள்; குளிர்விக்கத் தனி ப்ளோயரும் வைக்கிறார்கள். சக்கரம் 1092 மில்லிமீட்டரிலிருந்து 1016க்குத் தேயும்போது, அதே வண்டி வேகத்துக்கு மோட்டார் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும்; அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். சரக்கு எஞ்சினான டபிள்யூ.ஏ.ஜி-9லும் இதே மோட்டார்தான். அங்கே பல்சக்கர விகிதம் வேறு என்பதால் 100 கிலோமீட்டரிலேயே சுமார் 2500 சுற்றை எட்டிவிடும். பயணிகள் வண்டிக்கு வேகம் கூட்ட மோட்டாரை விரட்டவில்லை, பல்சக்கரத்தை மாற்றினார்கள்.

இதைக் கேட்ட ஓக்லா பட்டறை நண்பர் ஒருவர், "அப்படியானால் என் ஐந்து குதிரைத்திறன் ப்ளோயரை டிரைவ் வைத்து 65 ஹெர்ட்ஸில் ஓட்டலாமே சார்?" என்றார். கூடவே கூடாது. ப்ளோயருக்கு வேண்டிய திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 1.3 மடங்கு வேகத்துக்கு 2.2 மடங்கு திறன், ஐந்து, பதினொன்றாகிவிடும். முறுக்குவிசையும் 1.7 மடங்கு வேண்டும். சாதாரண மோட்டார் 50 ஹெர்ட்ஸில் முழுச்சுமையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு தாங்கும் என்றால், 65இல் அது ஒன்றேகால், ஒன்றரையாகச் சுருங்கிவிடும். டிரைவ் டிரிப் ஆகும். இல்லையேல் வைண்டிங் கருகும். புல்லியை மாற்றினாலும் இதே கதைதான், ப்ளோயர் கேட்பது அதே பதினொன்று. பெரிய ப்ளோயரும் அதற்கேற்ற மோட்டாரும் வாங்குவதே வழி. தண்ணீர் பம்புக்கும் இதே கணக்கு.

வேகம் கூடக்கூட விசை குறைவாகவே கேட்கும் துளையிடும் இயந்திரம் போன்றவற்றை 60 ஹெர்ட்ஸ் வரை ஓட்டலாம். அதுவும் இயந்திரத்தின், மோட்டாரின் தயாரிப்பாளர்கள் அனுமதித்தால். கண்டென்சர் வைத்த சிங்கிள் ஃபேஸ் கூலர் மோட்டாருக்கு இந்த டிரைவைப் பொருத்தவே வேண்டாம்.