கட்டங்களாய்த் தெரியும் சீன எழுத்துக்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., இயற்பியல்)

கல்லில் வெட்டிய எழுத்தும், ஓலையில் கீறிய எழுத்தும், தாளில் அச்சிட்ட எழுத்தும் ஒரு வகையில் ஒன்றே. அங்கெல்லாம் எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கேயே அதன் உருவமும் இருக்கிறது. கணிப்பொறி வந்தபின் இந்த ஒற்றுமை பிரிந்துவிட்டது. கோப்பில் இருப்பது வெறும் எண். திரையில் தெரியும் உருவமோ எழுத்துரு என்றும் ஃபாண்ட் என்றும் நாம் சொல்லும் வேறொரு கோப்பிலிருந்து வருகிறது. இவ்விரண்டும் சந்தித்தால்தான் நாம் படிக்க முடியும். சந்திக்காதபோது என்ன நேர்கிறது, அப்போது நாம் என்ன செய்யலாம் என்பதைச் சீன எழுத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீன எழுத்தை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் ஊர்த் தொழிற்கூடங்களில் இன்று ஓடும் இயந்திரங்களில் பல சீனாவிலிருந்து வந்தவை. அவற்றோடு வரும் கையேடுகளும் சீன மொழியிலேயே வருகின்றன என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் அறிவியல் பற்றியது. உருவங்களைச் சேமித்து வைப்பது எத்தனை பெரிய சுமை என்பது சீன எழுத்தில் தெரிவதுபோல் வேறு எந்த எழுத்திலும் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் எழுத்தைப் பக்கத்துக்கு 16 புள்ளிகள் கொண்ட சதுரத்தில் வரைவதாகக் கொள்வோம். மொத்தம் 256 புள்ளிகள். அதாவது 32 பைட்டுகள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து 95 குறிகள் போதும். 3,040 பைட்டுகளில் வேலை முடிந்துவிடும். சீனா 1980ஆம் ஆண்டில் ஜி.பி. 2312 என்ற தேசியக் குறியீட்டுப் பட்டியலை வகுத்தபோது, அதில் இடம் பெற்ற சீன எழுத்துக்கள் 6,763. அதே 16 புள்ளிச் சதுரத்தில் இவற்றுக்கு 2,16,416 பைட்டுகள் வேண்டும். அதுவும் கரடுமுரடான எழுத்தாகவே இருக்கும். அச்சுக்கு ஏற்றவாறு பக்கத்துக்கு 100 புள்ளிகள் என்று வைத்தால், ஓர் எழுத்துக்கு 1,250 பைட்டுகள். மொத்தம் ஏறத்தாழ 84 இலட்சம் பைட்டுகள். ஒரே வடிவத்துக்கு, ஒரே அளவுக்கு இவ்வளவு! பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங் ஷுவான் என்ற அறிஞர் 1975 முதல் உழைத்துத் தீர்த்த சிக்கல் இதுவே. புள்ளிகளைச் சேமிப்பதை விட்டு, எழுத்தின் வெளிக்கோட்டைச் சுருக்கிச் சேமிக்கும் வழியை அவர் கண்டார். ஈயத்தில் வார்த்த எழுத்துக்களைக் கோத்துக்கொண்டிருந்த சீன அச்சகங்களைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தவர் என்று அந்நாடு அவரைப் போற்றுகிறது. அந்நாட்டின் தலையாய அறிவியல் விருது 2001ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது.

இவ்வளவு பெரிய பொருளை எல்லாக் கணிப்பொறியிலும் ஏற்றிவைக்க வேண்டுமா என்ற எண்ணம் தயாரிப்பாளர்களுக்கு வருவது இயல்பே. ஆகவே, சீன எழுத்துரு இல்லாத கணிப்பொறிகள் உலகெங்கும் இருக்கின்றன. அத்தகைய கணிப்பொறியில் சீனக் கோப்பைத் திறந்தால் எழுத்துக்கு ஒன்றாக வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். மேலைநாட்டுக் கணிப்பொறியாளர்கள் இக்கட்டத்துக்கு ‘டோஃபு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டோஃபு என்பது சோயாப் பாலைத் திரித்துச் சதுரமாக வெட்டி விற்கும் சீன உணவு. கேலிக்கு வைத்த பெயராயினும் பொருத்தமான பெயர்தான்.

கட்டத்தைக் கண்டவுடன் ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டுவோர் பலர். ஆனால் கட்டம் உண்மையில் நல்ல அறிகுறி. “எண் பத்திரமாக இருக்கிறது, அதற்குரிய உருவந்தான் என்னிடம் இல்லை” என்று கணிப்பொறி நம்மிடம் ஒப்புக்கொள்ளும் வழி அது. காய்ச்சல் வேறு, விஷக்கடி வேறு என்று மருத்துவர் பிரித்தறிவதுபோல, கட்டத்தையும் அதை ஒத்த வேறு சில தொல்லைகளையும் நாம் பிரித்தறிய வேண்டும்.

இதற்கு ஓர் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘மனிதன்’ என்று பொருள்படும் ‘ரென்’ என்ற எழுத்து, நடந்து போகும் இரண்டு கால்களைப்போல இரண்டே கோடுகளால் ஆனது. ஜி.பி. 2312 முறையில் அதற்கு 200, 203 என்று இரண்டு எண்கள். தைவானில் 1984இல் வந்த பிக்-5 என்ற முறையில் அதே எழுத்துக்கு 164, 72. உலக எழுத்துக்களை எல்லாம் ஒரே பட்டியலில் அடக்க 1991இல் தோன்றிய யூனிகோடில் அதன் எண் 20154, அதையே யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது 228, 186, 186 என்று மூன்று எண்களாகிறது. ஒரே மனிதனுக்கு ஊருக்கு ஒரு முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 200, 203 என்று எழுதிய கோப்பை, அது எந்த முறை என்று அறியாத மென்பொருள் மேலைநாட்டு முறையில் படித்தால் என்ன ஆகும்? தலையில் சாய்கோடு இட்ட ஓர் ஆங்கில ‘ஈ’யும், தலையில் இரண்டு புள்ளி இட்ட மற்றோர் ‘ஈ’யும் தோன்றும். பக்கம் முழுவதும் இப்படிக் கொம்பும் புள்ளியும் முளைத்த எழுத்துக்களாக இருந்தால் அது எழுத்துருக் குறையே அன்று. எத்தனை சீன எழுத்துருவை நிறுவினாலும் அது தீராது. மென்பொருளில் ‘என்கோடிங்’ என்ற இடத்தில் சீன முறையைத் தேர்ந்தெடுத்துக் கோப்பை மீண்டும் திறக்க வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதத்தை வேறு எழுத்துருவில் திறந்து, ஆங்கில எழுத்துக் குவியலைக் கண்டு விழித்தவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

மூன்றாவது வகைதான் அஞ்சத்தக்கது. வரி முழுவதும் கேள்விக்குறிகளாக இருப்பது அவ்வகை. சீன எழுத்துக்கே இடமில்லாத ஒரு பட்டியலுக்குக் கோப்பை யாரோ மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். மாற்றிய மென்பொருள் தனக்குத் தெரியாத எழுத்துக்களை எல்லாம் கேள்விக்குறிக்குரிய 63 என்ற எண்ணாக எழுதிவிட்டது. அங்கே மனிதனும் 63, மரமும் 63. திரும்பப் பெற வழியில்லை. அனுப்பியவரிடம் மூலக் கோப்பைக் கேட்பதுதான் முறை. ஆதலால், தவறாகத் தெரியும் கோப்பை எக்காரணம் கொண்டும் ‘சேவ்’ செய்துவிடக் கூடாது. பார்த்துவிட்டு அப்படியே மூட வேண்டும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் அது இடைப்பட்ட நிலை. கோப்பில் உள்ள எண்கள் இம்முறைக்குப் பொருந்தவில்லை என்று அதற்குப் பொருள். சேமிக்காமல் முறையை மாற்றிப் பார்த்தால் சில வேளை பிழைத்துக்கொள்ளும்.

இவ்வகைகளைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டங்களில் ஒரு வரியைப் பிரதி எடுத்துச் சீன எழுத்துரு உள்ள வேறொரு கருவியில் ஒட்டிப் பார்ப்பதுதான் அது. இன்றைய கைபேசிகளில் பெரும்பாலும் சீன எழுத்துரு இருப்பதால் கையிலிருக்கும் பேசியே ஆய்வுக்கூடமாகிவிடும். அங்கே சீன எழுத்துத் தெரிந்தால் எண் உயிரோடு இருக்கிறது. கேள்விக்குறி கேள்விக்குறியாகவே வந்தால், போனது போனதுதான்.

இச்சோதனை எனக்கு உதவியதைச் சொல்ல வேண்டும். என் தந்தையார் ஒரு பூத்தையல் கூடத்தில் கணிப்பொறி எம்பிராய்டரி இயந்திரத்தை ஓட்டுகிறார். வேலை நடந்தால்தான் கூலி. சென்ற ஆண்டு இயந்திரம் திரையில் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு இரண்டு நாள் நின்றுவிட்டது. கையேடு பென்டிரைவில் பி.டி.எஃப். கோப்பாக இருந்தது. திறந்தால் அட்டவணையும் எண்களும் தெரிகின்றன. சொற்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டங்கள். “தம்பி, நீ காலேஜ் படிக்கிற பிள்ளை, இதைக் கொஞ்சம் பாரப்பா” என்றார் முதலாளி. கோப்பே கெட்டுவிட்டது, வெளியூரிலிருந்து ஆளை வரவழைக்க வேண்டியதுதான் என்று அவர் எண்ணியிருந்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், கணிப்பொறி, வங்கிப் படிவம், மருந்துச் சீட்டு எல்லாம் என்னிடந்தான் வரும்.

ஒரு வரியைப் பிரதி எடுத்துக் கைபேசிக்கு அனுப்பினேன். சீன எழுத்து வந்தது. அதை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது, அட்டவணையைப் பிரதி எடுத்தபோது வரிகள் ஒன்றோடொன்று கலந்து, எந்த எண்ணுக்கு எந்தப் பரிகாரம் என்றே தெரியவில்லை. பக்கம் பக்கமாகவே தெரிந்தாக வேண்டும்.

இங்கே பி.டி.எஃப். பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது நலம். ‘எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும்’ என்பதற்காகவே 1993இல் வெளிவந்த கோப்பு முறை அது. ஆனால் அந்த வாக்குறுதி, எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்பினால்தான் நிறைவேறும். சீன எழுத்துரு பெரிது என்பதால் சிலர் அதைப் பொதியாமல் பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். சீன நாட்டுக் கணிப்பொறியில் அந்தப் பெயருக்குரிய எழுத்துரு இருக்கும், நம்முடையதில் இராது. கோப்பின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘ஃபாண்ட்ஸ்’ என்ற பட்டியலைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஓர் எழுத்துருவின் பெயரை அடுத்து ‘எம்பெடெட்’ என்ற சொல் இருந்தால் அது உள்ளே இருக்கிறது. அச்சொல் இல்லையேல் வெளியே தேட வேண்டும். நான் பார்த்த கையேட்டில் ‘எஸ்டிசாங்-லைட்’ என்ற பெயர் மட்டும் இருந்தது, அச்சொல் இல்லை.

மருந்து எளிது. அடோபி ரீடருக்கு ஆசிய மொழிகளுக்கான எழுத்துருத் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. கைபேசியின் இணையத்தைக் கொடுத்து அதை இறக்கி நிறுவினேன். மீண்டும் திறந்தபோது கட்டங்கள் மறைந்து பக்கம் நிறையச் சீன எழுத்து நின்றது. இயந்திரம் காட்டிய எண்ணுக்கு நேரே இருந்த வரியைக் கைபேசியால் மொழிபெயர்த்தேன். முதன்மைத் தண்டு 100 பாகையில் இல்லை, கையால் திருப்பி அந்த இடத்துக்குக் கொண்டுவருக என்றிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுப் போய்க் குமிழைத் திருகினார். மாலைப் பணிமுறை தொடங்குமுன் ஊசிகள் ஓடின.

வேறு கணிப்பொறிகளில் வழி சற்று மாறும். விண்டோஸ் 10 முதல் ஒரு மாற்றம் உண்டு: சிம்சுன், மைக்ரோசாஃப்ட் யாஹே ஆகிய எழுத்துருக்கள் கூடவே வருகின்றன, சிம்ஹே, காய்டி, ஃபாங்சாங் போன்றவை வருவதில்லை. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்ற இடத்தில் சீனத் துணை எழுத்துருக்களைக் கேட்டுப் பெற வேண்டும். லினக்ஸில் ‘நோட்டோ சான்ஸ் சி.ஜே.கே.’ எழுத்துருவை நிறுவ வேண்டும். அதன்பின்னும் பி.டி.எஃப். மட்டும் வெறுமையாகத் தெரிந்தால் குறை எழுத்துருவில் இல்லை; ‘பாப்ளர்-டேட்டா’ என்ற தொகுப்பில் இருக்கிறது. பழைய ஜி.பி. எண்ணை யூனிகோடு எண்ணாக மாற்றும் அட்டவணைகள் அதில்தான் உள்ளன. எழுத்துரு இருந்தும் தெரியவில்லையே என்று பலர் திகைப்பது இந்த இடத்தில்தான்.

நோட்டோ எழுத்துருவைக் கூகுளும் அடோபியும் சேர்ந்து 2014இல் இலவசமாக வெளியிட்டன. டோஃபு இனி இல்லை என்ற பொருளில் அமைந்த பெயர் அது. ஆனால் டோஃபு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஓர் எழுத்துருக் கோப்பில் உருவங்களை எண்ணுவதற்கு 16 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே 65,535 உருவங்களுக்கு மேல் அடங்காது. யூனிகோடில் உள்ள சீன எழுத்துக்களோ 97 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அரிய எழுத்து வரும்போது கட்டம் இன்றும் தலைகாட்டத்தான் செய்யும்.

அரிய எழுத்து என்றால் பழைய சுவடிகளில் மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். மனிதர்களின் பெயரில் அது வருகிறது. 1998 முதல் 2003 வரை சீனப் பிரதமராக இருந்த ஜூ ரோங்ஜியின் பெயரில் உள்ள ‘ரோங்’ என்ற எழுத்து 1980ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லை. 1995இல் விரிவாக்கிய பட்டியலில்தான் இடம் பெற்றது. பிரதமருக்கே இந்நிலை என்றால், அரிய எழுத்தைப் பெயராகக் கொண்ட ஓர் ஏழை உழவர் வங்கிக்கோ மருத்துவமனைக்கோ போனால் என்ன பாடுபடுவார்! பெயரின் நடுவில் ஒரு கட்டம் நின்றால் அவர் அவர்தானா என்ற கேள்வியே எழுந்துவிடும். சீன அரசு 2013இல் 8,105 பொது எழுத்துக்களின் பட்டியலை வெளியிட்டது. ஜி.பி. 18030 என்ற கட்டாயக் குறியீட்டு முறையின் புதிய பதிப்பு 2023 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அது அப்பொது எழுத்துக்களோடு நில்லாமல் அரிய எழுத்துக்கள் பலவற்றுக்கும் இடம் தருகிறது.

இன்னொன்று. எழுத்துருவை நிறுவியபின் எழுத்துத் தெரிந்தும் சீனர் ஒருவர் பார்த்து முகம் சுளிக்கலாம். சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்குப் பொதுவான எழுத்துக்களுக்கு யூனிகோடு ஒரே எண்ணைத்தான் தந்திருக்கிறது. ‘எலும்பு’ என்ற எழுத்தின் உள்ளே உள்ள சிறு மூலை சீனாவில் இடப்பக்கம் அமையும். ஜப்பானில் வலப்பக்கம் அமையும். எண் ஒன்றே ஆதலால், எந்த நாட்டு எழுத்துரு முதலில் அகப்படுகிறதோ அந்த நாட்டு முகத்தோடு எழுத்து வந்து நிற்கும். கையேட்டைப் படித்து இயந்திரத்தை ஓட்டுவோர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சீனம் கற்கத் தொடங்குவோர் மட்டும் நோட்டோவில் ‘எஸ்.சி.’ என்ற எழுத்துக்கள் சேர்ந்த வகையைப் பார்த்து நிறுவிக்கொள்ள வேண்டும். சீன நாட்டு எளிய எழுத்துக்களுக்கு உரியது அதுவே.