நாய், பூனைக்கு வாந்தி பேதியா? எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது

வீட்டு நாய்க்குட்டி காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டது. "எதையாவது தின்னிருக்கும், தயிர் சாதம் வைங்க, நாளைக்குச் சரியாயிடும்" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். டாக்டரிடம் போனால் எவ்வளவு ஆகுமோ என்ற கவலை உங்களுக்கு. பெரும்பாலும் சரியாகத்தான் போகும். ஆனால் தடுப்பூசி போடாத குட்டி என்றால் அது பார்வோ வைரஸாகவும் இருக்கலாம். அங்கே ஒரு நாள் தாமதம்கூட உயிரை எடுத்துவிடும். நாள் தள்ளத் தள்ள டிரிப்ஸ் ஏற்றும் நாட்களும் கூடும், செலவும் கூடும். ஆகவே எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தெரிந்துவைப்பதுதான் முதல் சிக்கனம்.

ஒரு நாள் வீட்டிலேயே பார்க்கலாம்

வளர்ந்த நாய், ஓரிரு தடவைதான் வாந்தி அல்லது பேதி, தண்ணீர் குடிக்கிறது, வழக்கம்போல் ஓடியாடுகிறது என்றால் பயப்பட வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த, எலும்பும் தோலும் நீக்கிய கோழிக்கறியோடு குழைந்த சாதத்தை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். 24 மணி நேரத்தில் தேறாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உடனே கிளம்புங்கள்

• குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால், அல்லது பேதியில் ரத்தம் இருந்தால்.
• வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால். பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்வதன் அறிகுறி இது. சில மணி நேரம்கூடத் தாங்காது.
• ஆண் பூனை அடிக்கடி முக்கிக்கொண்டு உட்கார்ந்தால். மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள், சிறுநீர் அடைப்பாக இருக்கலாம்.
• பூனை ஒரு நாளுக்கு மேல் எதுவும் தின்னாவிட்டால். பட்டினி நீண்டால் அதன் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.
• வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால். இழுக்கவே கூடாது, குடல் கிழிந்துவிடும்.

உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று சந்தேகமா? கழுத்துக்குப் பின்னால் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே பழைய நிலைக்கு வராவிட்டால் நீர் குறைந்திருக்கலாம். ஈறு காய்ந்து பிசுபிசுப்பாக இருப்பதும் அதே அறிகுறிதான்.

கொடுக்கக் கூடாதவை

நமக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு உயிர்க்கொல்லி. சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை இவையும் ஆகாது. வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பேதிக்குக் காரணமே அந்தப் பாலாக இருக்கலாம்.

செலவைச் சமாளிக்க

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம், மருத்துவமனையின் முகவரியையும் நேரத்தையும் இப்போதே குறித்துவையுங்கள். தனியாரைவிட அங்கே செலவு மிகக் குறைவு. இருப்பில் இல்லாத மருந்தை மட்டும் வெளியில் வாங்க வேண்டி வரலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. 1962 என்ற நடமாடும் ஊர்தி எண் முக்கியமாக ஆடு மாடு வளர்ப்போருக்கானது. அதை மட்டும் நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

தனியார் மருத்துவமனைக்குப் போனால், "மொத்தம் எவ்வளவு ஆகும்? எந்தப் பரிசோதனை முதலில் அவசியம்? குறைந்த செலவில் வேறு வழி உண்டா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மல மாதிரி ஒன்றைச் சுத்தமான டப்பாவில் கொண்டுபோங்கள். என்ன தின்றது, எப்போது வாந்தி எடுத்தது, எத்தனை தடவை என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். தேவையில்லாத பரிசோதனைகள் இதனாலேயே குறையும்.

காப்பீடு எடுப்பதானால், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் உண்டா, காத்திருப்புக் காலம் எவ்வளவு, தடுப்பூசிச் சான்று வேண்டுமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே படித்துப் பாருங்கள். காப்பீடு இல்லையா? மாதம் 300 ரூபாய் ஒதுக்கினாலும் ஆண்டுக்கு 3,600 ரூபாய் கையில் இருக்கும்.

எல்லாவற்றையும்விட மலிவு, தடுப்பதுதான். பார்வோ தடுப்பூசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வார வயது வரை போட வேண்டும். குடற்புழு மருந்தும் மருத்துவர் சொல்லும் தேதியில் தவறக் கூடாது. இரண்டு தேதிகளையும் இன்றே வீட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.