ஆங்கிலச் சொல் அறிவோம்: ‘அன்பிகமிங்’

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பணிபுரியும் ஒருவருக்கு நிருவாகத்திடமிருந்து ஆங்கிலக் கடிதமொன்று வருகிறதென வைத்துக்கொள்வோம். ‘அன்பிகமிங் கண்டக்ட்’ என்ற குற்றச்சாட்டுக்கு விளக்கம் தருமாறு அது கேட்கிறது. பொருள் அறியாமல் பதிலளித்தால் பிழைப்பே பாதிக்கப்படலாம். ஆகவே, இம்முறை இச்சொல்லைக் கற்போம்.

‘பிகம்’ என்பதற்கு ‘ஆகு’ என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ‘பொருந்து, தகு’ என்னும் பொருளும் அதற்கு உண்டு. எதிர்மறையைக் குறிக்கும் ‘அன்’ முன்னே சேரும்போது ‘தகாத, பொருந்தாத’ என்றாகிறது. தமிழில் ‘ஆகாத செயல்’ என்று நாம் கண்டிப்பதும் இதைப் போன்றதே.

இச்சொல் ஒருவரின் பொறுப்பை அளவுகோலாகக் கொள்வது. ‘கண்டக்ட் அன்பிகமிங் எ சூப்பர்வைசர்’ என்றால் ‘மேற்பார்வையாளருக்குத் தகாத நடத்தை’ என்பது பொருள். பலர் முன்னிலையில் ஒரு கங்காணி சக தொழிலாளியை இழிவாகப் பேசுவது இதற்கு எடுத்துக்காட்டு. சட்டவிரோதச் செயலைக் குறிக்க ‘இல்லீகல்’ என்ற வேறு சொல் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

ஒன்றை மறவாதீர்கள். ‘அன்பிகமிங்’ என்பது செயலைப் பற்றிய மதிப்பீடு மட்டுமே. செயல் இன்னதென்று அது கூறுவதில்லை. எனவே எந்தச் செயல், எந்த நாள், எந்த இடம் என்று எழுத்து மூலம் கேளுங்கள். கையொப்பமிடும்போது ‘கடிதம் பெற்றுக்கொண்டேன்’ என்று குறிப்பிடலாம். பெற்றுக்கொள்வது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, உரிய விசாரணைக்குப் பிறகே ஒழுங்கீனத்திற்காகத் தண்டனை வழங்க இயலும். விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைப்பது ஒரு வாரத்திற்கு மேற்படலாகாது. அக்காலத்தில் பாதிச் சம்பளத்திற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஒழுங்கீனம் நிரூபணமாகாவிடில் பிடித்துவைத்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதுவோர், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ், 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடலாம்.

1970இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் வலியுறுத்துகிறது. அது தொழிலாளிக்கும் நிருவாகிக்கும் பொதுவானது.

பயிற்சி: பின்வருவனவற்றுள் ‘அன்பிகமிங்’ எனத் தக்கவை எவை?
1. கூட்டத்தில் மூத்தவரை ஏளனம் செய்தல்.
2. சம்பளக் கணக்கைப் பணிவுடன் வினவுதல்.
3. விசாரணையில் சாட்சியைக் கேலி செய்தல்.

விடை: 1, 3. இரண்டாவது உங்கள் உரிமை.