ஆசிரியர்க்கு இணையம் தரும் விலையிலாப் பாடப்பொருள்கள்

சென்னை எழும்பூரிலே படைவீரர் மக்களுக்கென நடத்தப்பெற்ற ஆண்பிள்ளை அநாதை விடுதிக்கு 1789-ஆம் ஆண்டில் மேற்பார்வையாளராய் அமர்ந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் சிறார் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்திட்டுப் பழகுதலை அவர் கண்டார். கண்டவர் அதனைத் தம் விடுதியிலும் கைக்கொண்டார். முந்திக் கற்ற சிறுவன் பிந்தி வந்தவனுக்குக் கற்பிக்கும் முறையினையும் அதனோடு சேர்த்து, 1797-இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரால் அஃது இங்கிலாந்திற் பரவிய வரலாறு கல்விச் சரித்திரம் பயின்றார் அறிந்ததே.

யான் இக்கட்டுரையை அம்மணலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பாடஞ் சொல்லுதற்குரிய கருவி எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதற்கு அதனினும் சிறந்த அளவுகோல் எனக்குக் கிட்டவில்லை. அதற்கு விலையில்லை, எடுத்தாள எவரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை, பிழையானால் கையாலழித்துத் திருத்திக்கொள்ளலாம், மின்சாரமும் வேண்டா. இக்காலத்து இணையத்தில் ஆசிரியர்க்கென இலவசமாய்க் குவிந்துகிடக்கும் பாடப்பொருள்களுள் இவ்வியல்புகளை உடையன எவை, இல்லாதன எவை என்று ஆராய்தலே என் நோக்கமாகும்.

முதற்கண் நம் அரசாங்கத்தார் அளித்துள்ளவற்றைக் கூறுவேன். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள பள்ளிக்கல்வி வளாகத்திலிருந்து வெளிவரும் பாடநூல்கள் யாவும் அச்சிற் கிடைப்பதோடு, இணையத்திலும் எவரும் இறக்கிக்கொள்ளுமாறு வைக்கப்பட்டுள்ளன. 2018-ஆம் ஆண்டில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டில் ஏனைய வகுப்புகளுக்கும் வெளிவந்த புதிய நூல்களில் கட்டங்கட்டமான கறுப்புக் குறியீடுகள் அச்சிடப்பட்டிருத்தலைப் பலரும் கண்டிருப்பர். கைபேசியை அவற்றின்மேற் காட்டின், அப்பாடத்திற்குரிய காணொளியோ பயிற்சியோ திறக்கும். மத்திய அரசாங்கத்தார் 2017-ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று தொடங்கிய ‘தீக்ஷா’ என்னும் தளமே அவற்றுக்குக் கொள்கலம். 2019-இல் ‘கல்வித் தொலைக்காட்சி’ தோன்றியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர் அதன் அருமை வெளிப்பட்டது. 2023-இல் வந்த செயலிக்கு ‘மணற்கேணி’ என்று பெயர். கல்விக்கு வள்ளுவர் கூறிய உவமையினின்றும் எடுத்த பெயராதலின் தமிழ் மாணவனாகிய எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி. மணலிற் கற்ற மரபினர்க்கு மணற்கேணி பொருத்தமே.

இனித் தமிழுக்கு வருவோம். அடையாற்றுப் பாலத்திற்கு அண்மையில், கோட்டூரில், தமிழ் இணையக் கல்விக்கழகம் உள்ளது. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு தொடங்கப்பெற்ற நிலையம் அது. சங்க நூல்கள் உரைகளுடனும், நிகண்டுகளும் அகராதிகளும் சொல்லைத் தேடுவதற்கு ஏற்ற வகையிலும் அதன் நூலகத்தில் இடம்பெற்றுள்ளன. பிற்காலத்தில் அக்கழகத்தார் அமைத்த மின்னூலகத்திலே பழைய பாடப்புத்தகங்களும் பருவ வெளியீடுகளும் படிமங்களாகச் சேர்ந்து வருகின்றன. ஈழத்தார்க்கு 2005-இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் தளம் அத்தகையது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைப்பார்க்கு அதன் பெருமை சொல்லாமலே விளங்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாகிய மதுரைத் திட்டத்தைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று, சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராயிருந்த முனைவர் கு. கலியாணசுந்தரம் அவர்கள் தலைமையில், உலகின் பல பாகங்களிலுமுள்ள தமிழர் கூடி இதனைத் தொடங்கினர். ஊதியமின்றி ஒருவர் தட்டச்சுச் செய்ய, மற்றொருவர் பிழை திருத்த, நூல் நூலாக வளர்ந்தது. அக்காலத்தில் கணினித் தமிழுக்கு ஒரே குறியேற்றம் இல்லை. ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவர் கணினியில் புரியாத குறிகளாய்த் தோன்றும். கலியாணசுந்தரம் அவர்கள் தாமே ஓர் எழுத்துருவை ஆக்கி எல்லோர்க்கும் இலவசமாய் அளித்தார். அதன் பெயர் ‘மயிலை’. நம் மயிலாப்பூரின் பெயர் பூண்ட அவ்வெழுத்தினால் உலகெங்கும் தமிழ் படிக்கப்பட்டது என்பது மயிலையில் வளர்ந்த எனக்குப் பெருமிதம் தருஞ் செய்தி. பின்னர் அந்நூல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன.

தட்டச்சுச் செய்த நூலுக்கும் படம் பிடித்த நூலுக்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர் உணர்தல் இன்றியமையாதது. எழுத்தாய் உள்ள பாட்டில் சொல்லைத் தேடலாம். வேண்டிய நான்கு அடிகளை மட்டும் எடுத்து, பின்வரிசைப் பிள்ளைக்கும் தெரியுமாறு பெரிதாக்கி அச்சிடலாம். அருஞ்சொற்பொருளை அருகே சேர்க்கலாம். கண்பார்வையற்ற மாணவனுக்கு இயந்திரம் அதனை வாசித்துக் காட்டவும் கூடும். படமாய் உள்ள நூலிலோ பார்த்தல் ஒன்றே கூடும். நம் பாடநூல்களின் இணையப் பிரதிகளிலிருந்து ஒரு பத்தியைப் பிரதி செய்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தவர், தமிழெழுத்துகள் நிலைகுலைந்து நிற்றலைக் கண்டிருத்தல் கூடும். இது சிறு குறையன்று.

இனி, ‘இலவசம்’ என்ற சொல்லுக்கே இருவேறு பொருளுண்டு. காசு கேளாமல் காட்டுவது ஒன்று. எடுத்தாளவும் மாற்றவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது மற்றொன்று. இரண்டாவதனையே ‘திறந்த கல்வி வளம்’ என்று 2002-இல் யுனெஸ்கோ சபையார் கூட்டிய அவையில் பெயரிட்டனர். அவ்வாண்டிலேயே ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் உரிம முறையும் வெளிவந்தது. இஃது அயல்நாட்டார் நமக்குக் கற்பித்ததென்று எண்ணற்க. 1949-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசாங்கத்தார் பாரதியார் நூல்களின் உரிமையைத் தாம் பெற்றுக்கொள்ள முற்பட்டுப் பின்னர் அதனைப் பொதுமக்களுடையதாக்கினர். அதன்பின் எத்தனையோ ஆசிரியர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின. அவர்தம் குடும்பத்தார்க்கு அரசாங்கம் தொகை அளித்து வருகின்றது. இன்று ஒரு கிராமத்து ஆசிரியர் பாரதி பாட்டை நாடகமாக்கி மேடையேற்றுவதற்கு எவரையும் கேட்க வேண்டாமை அதன் பயன். சிறுவர் கதைகளுள் பிரதம் புத்தக நிறுவனத்தார் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இவ்வகையினது. ஆங்கிலக் கதையைத் தமிழாக்கவும், கடினமான வாக்கியத்தை எளிதாக்கவும், அவ்வாறாக்கியதை அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கவும் அங்கு எவர்க்கும் உரிமையுண்டு.

இவையெல்லாம் படித்தறிந்தவை. பட்டறிந்த ஒன்றையும் கூறுகின்றேன்.

சாந்தோமில், கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளுக்காக ஓர் ஆலயத்தின் பின்மண்டபத்தில் வாரம் இருமுறை மாலை வகுப்பு நடக்கின்றது. கல்லூரி விட்டபின் யானும் அங்குச் சென்று பாடஞ் சொல்லி வருகின்றேன். தமிழ் மட்டுமன்று, கேட்பது எதுவாயினும் சொல்ல வேண்டும். ஒருநாள் பூகோளத்தில் ‘ஓதங்கள்’ என்ற பாடம் வந்தது. யான் முயற்சியின்றியே ஒரு காணொளியைத் தேடி எடுத்துச் சென்றேன். பதினான்கு பிள்ளைகளுக்குக் கைபேசி ஒன்று. முன்னிருந்த நால்வர் பார்த்தனர். ஏனையோர் அவர் பிடரியைப் பார்த்தனர். பாதியில் அன்றைய இணைய அளவு தீர்ந்தது. அதனினும் பெரிய தோல்வி ஒன்றுண்டு. அக்காணொளியிற் கண்டது ஏதோ வடநாட்டுக் கடற்கரை. நீர் வற்றியபோது படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஒரு சிறுவன், “அண்ணா, இது பொய். நம்ம கடல் இப்படிப் போகாது” என்றான். அவன் தந்தையார் நாள்தோறும் அக்கடலிற் செல்பவர். ஒரு சிறுமி, “ஓதம்னா எங்க வீட்டுச் சுவர்ல ஏறுதே, அதுவா?” என்று வினவினாள். யான் இருவர்க்கும் விடை கூற இயலாமல் வீடு திரும்பினேன்.

அன்றிரவு வேறு வகையில் தேடினேன். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை நிலையத்தார், நம் கரையின் ஓத நேரங்களையும் உயரங்களையும் நாள்வாரியாகக் கணித்து இணையத்தில் வெளியிடுகின்றனர். மீனவர்க்கும் கப்பல்களுக்கும் உதவுவது அக்கணிப்பு. பள்ளிக்கூடத்தைக் கருதிச் செய்ததன்று. சென்னைக்குரிய எண்களைப் பார்த்தேன். பௌர்ணமி அமாவாசைகளிலும் இங்கு ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ ஒரு மீட்டரே. கனடா நாட்டுப் பண்டி வளைகுடாவிலோ அது பதினாறு மீட்டர் வரை செல்லும். சிறுவன் கூறியது அவன் கடலுக்கு மெய். காணொளி காட்டியது அக்கடலுக்கு மெய்.

சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைத் திறந்தேன். சிகாகோ பல்கலைக்கழகத்தார் அதனைத் தேடத்தக்க எழுத்து வடிவில் இணையத்தில் வைத்துள்ளனர். 1862-இல் இங்கு அச்சான வின்சுலோ ஐயர் அகராதியும் அங்கேயே உள்ளது. ஓதம் என்பதற்கு ஈரம், அலை, கடல் எனப் பல பொருள்கள் கண்டேன். சுவரில் ஏறுவதும் கரையில் ஏறுவதும் ஒரே சொல்லாற் குறிக்கப்பெறுகின்றன. சிறுமி கேட்டது அறியாமையன்று. அகராதியின் முதல் வரியையே கேட்டிருக்கின்றாள்.

அடுத்த வகுப்பிற்குக் கைபேசி கொண்டுபோகவில்லை. லஸ் முனையில் ஒரு ஜெராக்ஸ் கடையில், ஏழு நாள்களின் ஓத அட்டவணையை ஒரு தாளில் அச்சிட்டுப் பதினான்கு பிரதி எடுத்துச் சென்றேன். பிள்ளைகள் அதனை வரைபடமாக்கினர். ஏற்றம் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்துதலைத் தாமே கண்டனர். பின்னர்க் கடற்கரைக்குச் சென்றோம். நீர்மட்டத்தை எங்ஙனம் குறிப்பது என்று யான் திகைத்தபோது, ‘ஓரலையை நம்பக்கூடாது, பத்தலையை எண்ணி நடுவில் குச்சி நட வேண்டும்’ என்று அப்பிள்ளைகளே வழி கூறினர். இம்முறை எந்தத் தளத்திலும் யான் கண்டதில்லை.

ஏனைய பாடங்களைச் சுருக்கமாகவே கூறுவேன், அவற்றில் என் பயிற்சி குறைவாதலின். இயற்பியலுக்கு, நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘பெட்’ செயல்விளக்கங்கள் சிறந்தவை. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமின்றியே இயங்கும், தமிழிலும் பல உள. கணிதத்திற்கு ‘ஜியோஜீப்ரா’ உண்டு. நம் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ப் பகுதிகள் இவ்விரண்டையும் எடுத்தாள்கின்றன. கணினியே இல்லாத பள்ளிக்கு அரவிந்த் குப்தா அவர்களின் தளம் ஏற்றது. தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் கொண்டு முக்கோணமும் கனவடிவங்களும் ஆக்கும் வழியை அவர் இலவசமாய் அளித்துள்ளார். இணையத்தினின்று பெற்று, இணையமின்றிச் செய்வது! மணலுக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே என்பது என் துணிபு.

பிரதி எடுத்தல் குற்றமாகுமோ என ஆசிரியர் சிலர் அஞ்சுகின்றனர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கற்பித்தலின்பொருட்டு ஆசிரியரும் மாணவரும் பிரதி செய்துகொள்ள இடந்தருகின்றது. தில்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் தில்லி உயர்நீதிமன்றமும் கற்பிப்போர் பக்கமே நின்றது. வகுப்பிற்கு எடுப்பது வேறு, அச்சிட்டு விற்பது வேறு என்பதனை மட்டும் மறத்தலாகாது.

நம் கல்லூரிப் பழைய மாணவருள் ஆசிரியராய் இருப்போர் பலர். அந்த ஓதத் தாளை, பின்பக்கத்தில் சொற்பொருளும் சேர்த்து, மாற்றத்தக்க ஒருங்குறி எழுத்தில் வைத்திருக்கின்றேன். வேண்டுவோர் தமிழ்த்துறை வாயிலாகக் கேட்பின் அனுப்புவேன். தூத்துக்குடியில் இருப்பவர் எண்களை அவ்வூர்க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். குச்சி நடும் முறையையும் அங்குள்ள பிள்ளைகளிடம் கேட்டறிந்து எழுதினால் தாளிற் சேர்ப்பேன். சுவரோதம் ஏன் மேலேறுகின்றது என்று அச்சிறுமி இப்போது கேட்கின்றாள். அதற்கு ஒரு கண்ணாடிக் கோப்பையும் மசி கலந்த நீரும் ஒரு துண்டுச் செங்கல்லும் எடுத்துவைத்திருக்கின்றேன். வியாழக்கிழமை பார்க்க வேண்டும்.