பிள்ளை ஒரு நாட்டில், வழக்கு எந்த நாட்டில்?
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

கணவன் மனைவி பிரிந்தால் வீட்டையும் நிலத்தையும் பங்கிட்டுவிடலாம். குழந்தையைப் பங்கிட முடியாது. இருவரும் ஒரே ஊரில் இருந்தால் அந்த ஊர் நீதிமன்றம் வழக்கைத் தீர்க்கும். ஒருவர் சிங்கப்பூரிலும் மற்றொருவர் சிவகங்கையிலும் இருந்தால்? யார் பக்கம் நியாயம் என்பதற்கு முன்பாகவே, அந்த நியாயத்தைச் சொல்லும் உரிமை எந்த நீதிமன்றத்துக்கு என்ற கேள்வி எழுகிறது. விலங்கியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் இல்லாத தெரு நம் மாவட்டங்களில் அரிது என்பதே என் பதில்.

இரண்டு கேள்விகள்

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது ஒரு கேள்வி. அதன் சோற்றுக்கும் படிப்புக்கும் யார் பணம் தர வேண்டும் என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்விக்கு விடை காண, குழந்தையின் பள்ளி, உடல்நலம், உற்றார் ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். ஆகவே குழந்தை வாழும் இடத்து நீதிமன்றமே அதற்கு ஏற்றது. இரண்டாவதில் பணம் தர வேண்டியவரின் சம்பளத்தையும் சொத்தையும் எட்டிப்பிடிக்கும் கை வேண்டும். இதனால் ஒரே குடும்பத்தின் இரு வழக்குகளும் இரு வேறு நாடுகளில் நடக்க நேரலாம்.

நம் சட்டம் சொல்வது

1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், மைனர் வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. 'வழக்கமாக' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. நேற்று இரவு விமானத்தில் தூக்கிவரப்பட்ட குழந்தை இன்று காலை நம் ஊரில் வழக்கமாக வசிப்பதாகிவிடாது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டமோ, காப்பாளரைத் தீர்மானிக்கும்போது குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது.

1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாபித் தம்பதியின் வழக்கு ஒன்று நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மனைவியைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்ய முயன்றதாகக் கணவன் அங்கே தண்டனை பெற்றவர். மனைவியே மனமிரங்கி மன்றாட, நன்னடத்தையின் பேரில் விடப்பட்டார். பின்னர் 1983இல், தாய் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மகனை அழைத்துக்கொண்டு இந்தியா வந்துவிட்டார். தாய் இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஆணை பெற்று, இங்கு வந்து ஆட்கொணர்வு மனுப் போட்டார். அவர் அந்நிய நாட்டில் தனியாக வாழும் தொழிற்சாலைத் தொழிலாளி என்பதைக் குறையாகக் காட்டி உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அதை மாற்றியது. தற்செயலாகக் குழந்தை எங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டிருக்கிறது என்பதால் ஒரு நீதிமன்றத்துக்கு அதிகாரம் பிறக்காது. குடும்பத்தின் வாழ்க்கையோடு நெருங்கிய தொடர்புள்ள நாட்டின் நீதிமன்றமே உரியது என்பது அதன் சாரம். உழைத்துச் சம்பாதிப்பது அந்தத் தாய்க்குப் பலமாகவே கருதப்பட்டது. மகன் தாயிடம் சேர்ந்தான்.

ஆனால் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. அயல்நாட்டு ஆணை கவனிக்க வேண்டிய அம்சங்களுள் ஒன்றுதான், குழந்தையின் நலனே இறுதி அளவுகோல் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கில் சிறுமி இந்தியாவில் தாயிடமே இருந்தாள். 2019, 2020ஆம் ஆண்டுகளின் வேறு வழக்குகளில் அதே அளவுகோலைக் கொண்டே பிள்ளைகள் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

ஹேக் உடன்படிக்கை

1980இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை ஒரு நேரான வழியைச் சொல்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தவறாக வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால், முதலில் பழைய நாட்டுக்குத் திருப்பி அனுப்பு, வழக்கை அங்கே பேசிக்கொள் என்பதே அது. கடும் ஆபத்து இருந்தால் விலக்கு உண்டு. இலங்கையும் சிங்கப்பூரும் இதில் சேர்ந்துள்ளன. இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது. அடி உதைக்கு அஞ்சித் தாய்வீடு தேடி ஓடிவரும் பெண், பிள்ளையைக் கடத்தியவளாக ஆகிவிடுவாளே என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டு பக்கமும் கண்ணீர் இருப்பதால்தான் இது எளிதில் தீரவில்லை.

ஜீவனாம்சம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே தெருவில் யாருக்குக் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. வளைகுடா சென்ற கணவனிடமிருந்து பணம் நின்றுபோன ஓர் அக்கா, "அந்த நாட்டுக்குப் போய்த்தான் கேஸ் போடணுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144, 145ஆம் பிரிவுகள் பழைய 125, 126இன் இடத்தில் வந்தவை. அவற்றின்படி மனைவி வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். சம்மனை வேண்டுமென்றே தட்டிக்கழித்தால் எதிரி இல்லாமலேயே விசாரித்து ஆணையிடலாம்.

ஆணை பெறுவது பாதி வேலைதான். கணவனுக்கு இங்கே நிலமோ வங்கிக் கணக்கோ இருந்தால் அதன்மீது வசூலிக்க வழியுண்டு. எல்லாம் அயல்நாட்டிலேயே இருந்தால், அந்நாட்டுக்கும் நமக்கும் பரஸ்பர ஏற்பாடு இருக்க வேண்டும். 1921ஆம் ஆண்டின் ஜீவனாம்ச ஆணைகள் அமலாக்கச் சட்டம் அதற்காக எழுந்ததே. ஏற்பாடு இல்லாத நாட்டில் நம் ஆணை தானாக நிறைவேறாது.

முடிவுரை

ஆகவே, பிள்ளை யாரிடம் என்றால் பிள்ளையின் வேர் எங்கே என்று பார்க்க வேண்டும். பணம் யார் தருவது என்றால் மனுவை நம் ஊரிலேயே போடலாம். வசூலுக்கு மட்டும் சொத்து எங்கே என்று தேட வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாத பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு; மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். படித்த நாம் இந்த ஒரு செய்தியையாவது நம் தெருவுக்குக் கொண்டுபோவோமாக!