வீடும் அச்சும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த தொன்னகரம் விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். பழமலைநாதர் கோயிலால் நெடுங்காலமாகப் புகழ்பெற்ற இவ்வூர், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. ஈண்டுச் செராமிக் தொழிற்பேட்டை உண்டு. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் உண்டு. கொலுப் பொம்மைகளும் அகல் விளக்குகளும் இங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன.

பொம்மை வார்க்கும் முறை அறியத்தக்கது. பாரிஸ் சாந்தினால் அச்சினை இரு பாதிகளாகச் செய்வர். அவற்றைப் பொருத்திக் கட்டி, நீர்த்த களிமண் கூழை உள்ளே ஊற்றுவர். பாரிஸ் சாந்து நீரை உறிஞ்சும் இயல்பினது. ஆதலின், கூழிலுள்ள நீர் அச்சின் சுவருக்குள் சென்றுவிட, களிமண் மட்டும் உட்புறத்தில் பாலின் ஆடை போலப் படியும். வேண்டிய கனம் ஏறியதும், எஞ்சிய கூழைக் கவிழ்த்து வடித்துவிடுவர். சற்றே உலர்ந்தபின் அச்சைப் பிரித்தால் பொம்மை வெளிப்படும். அச்சிலே குழியாக இருந்த இடம் பொம்மையிலே மேடாகும். மேடாக இருந்த இடம் குழியாகும். இரு பாதிகளும் கூடிய இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று நிற்கும். அதனைக் கத்தியாற் சீவி, ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்த்திய பின்னரே சூளைக்கு அனுப்புவர். அங்ஙனமாயின், பொம்மை என்பது யாது? அச்சினுள் இருந்த வெற்றிடமே உருப்பெற்று எழுந்தது என்று கூறினும் பிழையாகாது.

இம்முறையை மனத்திற் கொண்டால், இலண்டன் மாநகரில் பெரும்பூசலை விளைவித்த கலைப்படைப்பு ஒன்றனை எளிதில் உணரலாம்.

ஓவியத்தைச் சுவரில் மாட்டுகிறோம். சிலையைப் பீடத்தில் நிறுத்துகிறோம். இந்நாளில் வளர்ந்துவரும் நிறுவற்கலையோ, ஓர் இடத்தையே தனக்கு உடலாகக் கொள்வது. காண்பவர் அதனுள் புகுந்தும், அதனைச் சுற்றி நடந்தும் உணர்தல் வேண்டும். இக்கலைஞருள் சிலர், இடிப்பதற்கெனக் குறிக்கப்பெற்ற வீடுகளை நாடிச் சென்றனர். அமெரிக்கரான கார்டன் மாட்டா-கிளார்க் என்பார், 1974ஆம் ஆண்டில் நியூ ஜெர்சியில் இடிபட இருந்த வீடொன்றை மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்தார். அந்தப் பிளவின் வழியே வெளிச்சம் வீட்டினுள் இறங்கியது. பின்னர் அவ்வீடு இடிக்கப்பட்டது.

ரேச்சல் வைட்ரீட் என்னும் ஆங்கிலப் பெண்மணி செய்தது இதனினும் வியப்பானது. இவர் 1963இல் இலண்டனில் பிறந்தவர். 1990இல் பழைய வீடொன்றின் அறையைப் பாரிஸ் சாந்திலே வார்த்தெடுத்தார். குளிர் காய்வதற்குரிய கணப்பின் கரியும் அச்சாந்திலே படிந்திருந்தது. எகிப்தியர் இறந்தோர் உடலைக் கெடாமற் காத்தமை போல, ஓர் அறையின் காற்றைக் காத்துவைக்க விரும்பியதாக அவர் கூறியுள்ளார். வேலை முடிந்து, மின்விளக்கு விசையின் பதிவு புறத்தே திரும்பி நிற்கக் கண்டபோதுதான், காண்பவரையே சுவராக்கிவிட்டோம் என்பது அவருக்குத் துலங்கியதாம். இஃது ஆழ்ந்து எண்ணத்தக்க கூற்று. நாம் அறையினுள் இருந்து சுவரைப் பார்க்கிறோம். வைட்ரீட் வார்த்த அறையின் முன் நிற்பவரோ, சுவர் நின்ற இடத்தில் நின்று, மக்கள் வாழ்ந்த வெளியைப் பார்க்கிறார்.

பின்னர் அவர் ஒரு முழு வீட்டையே வார்க்கத் துணிந்தார். கிழக்கு இலண்டனில் க்ரோவ் சாலையில், விக்டோரியா அரசியார் காலத்து வரிசை வீடுகள் இருந்தன. பூங்கா அமைக்கும் பொருட்டு உள்ளாட்சி மன்றம் அவற்றை இடித்து வந்தது. 193ஆம் எண் வீடு ஒன்றே எஞ்சியது. துறைமுகத் தொழிலாளியாக உழைத்து ஓய்ந்த ஒருவர் அதனை விட்டுப் போக மறுத்து நெடுநாள் போராடினார். அவரும் வெளியேறிய பின், 1993இல், ஆர்ட்டேஞ்சல் என்னும் கலையமைப்பின் துணையுடன் வைட்ரீட் வேலையைத் தொடங்கினார்.

முதலில் புதிய அடித்தளம் இடப்பட்டது. உட்சுவர்களை ஒட்டி எஃகு வலையைப் பொருத்தி, அதன்மேல் கான்கிரீட்டைப் பீச்சினர். களிமண் கூழ் அச்சின் உட்புறத்தில் படிவது போலவே, கான்கிரீட்டும் வீட்டின் உட்புறமெங்கும் படிந்து இறுகியது. பின்பு வெளிச்சுவர்களைப் பெயர்த்தெடுத்தனர். விருத்தாசலத்து அச்சு மீண்டும் மீண்டும் பயன்படும். இந்த அச்சோ ஒரு முறைக்கே உரியது. வார்ப்பு வெளிப்பட வேண்டுமாயின் அச்சு அழியவேண்டும்.

அக்டோபர்த் திங்களில் 'வீடு' என்னும் அப்படைப்பு முழுமை பெற்றது. அதற்குக் கூரை இல்லை. கணப்பின் குழிகள் வெளியே துருத்தி நின்றன. கதவின் வடிவம் தெரிந்தது. ஆயின் எவரும் நுழைய இயலாது. பக்கவாட்டில், படிக்கட்டு மேலேறிச் சென்ற தடம் மட்டும் அரத்தின் பற்களைப் போலக் காணப்பட்டது. அப்படிகளில் எத்தனை தலைமுறைக் குழந்தைகள் ஏறி இறங்கியிருப்பர்!

நவம்பர் 23ஆம் நாள் அவருக்குப் புகழும் இகழும் ஒருங்கே வந்தன. டர்னர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதனைப் பெற்ற முதற் பெண் அவரே. அதே நாளில், அப்படைப்பை இடித்துவிடுவதென உள்ளாட்சி மன்றத்தார் முடிவு செய்தனர். இசைக் கலைஞர் இருவர், அவரை அவ்வாண்டின் மிகத் தாழ்ந்த கலைஞர் எனப் பழித்து 40,000 பவுன் அளித்தனர். டர்னர் பரிசோ 20,000 பவுனே. பழிப்புக்குப் பாராட்டினும் இருமடங்கு விலை போலும்! அப்பணத்தை அவர் எளிய கலைஞர்க்கும், வீடற்றோர்க்கு உதவும் அறநிலையத்திற்கும் பகிர்ந்தளித்தார்.

அதன் சுவரில் ஒருவர், 'எதற்காக?' என்று எழுதிச் சென்றார். 'ஏன் கூடாது?' என்று மற்றொருவர் விடை எழுதினார். குடியிருக்க வீடு கிடையாமல் மக்கள் தவிக்கும் பகுதியில், குடியேற முடியாத வீட்டைச் செய்வது தகுமோ என்று கேட்டவர்களை அறிவிலார் என்று தள்ளிவிடுதல் முறையன்று. அவர்கள் கேட்டது நேர்மையான கேள்வி. ஆயினும் ஒன்று கூறலாம். அவ்வரிசையிலிருந்த மற்ற வீடுகள் ஓசையின்றி மறைந்தன. அவற்றின் பொருட்டு அத்துணை பேர் கூடி வழக்காடவில்லை. ஒரு வீடு இடிபடுகையில் இழப்பது யாது என்னும் கேள்வி, இந்த வீட்டின் முன்னேதான் உரக்க எழுந்தது. 1994 சனவரி 11ஆம் நாள் அதுவும் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடம் புல்வெளி.

வீடிழந்தோர் கதை நமக்கும் புதிதன்று. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியதற்கு அண்மையிலுள்ள நெய்வேலியின் வெண்களிமண்ணும் ஒரு காரணம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடந்த மண் அது. நிலக்கரி நிறுவனம் 1956இல் அமைந்தது. சுரங்கத்தின் பொருட்டுப் பல ஊர்களின் மக்கள் வீடும் நிலமும் விட்டு வெளியேறினர். திண்ணை இருந்த உயரத்தில், சுரங்கம் தோண்டியபின், வெறுங்காற்றே நின்றது. வார்த்தெடுக்க அங்கே சுவரும் இல்லை; அடித்தளமும் இல்லை.

அவ்வாறு ஒன்றும் எஞ்சாத போது கலைஞன் என் செய்வான்? யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் வேறொரு வழி கண்டார். ஈழத்துப் போரினால் இடம்பெயர்ந்த மக்களிடம், தாம் இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்து தருமாறு அவர் வேண்டினார். வரையும் தொழில் பயிலாதவர்களும் வாயில், கூடம், அடுக்களை எனக் கோடுகளை இழுத்துக் காட்டினர். அவ்வரைவைக் கட்டடக் கலைஞர் அளவொழுங்குடன் மீண்டும் வரைந்தார். அதன்பின் சனாதனன் அவ்வீட்டை ஓவியமாகத் தீட்டினார். இவ்வாறு திரண்ட நூல் 2011இல் வெளிவந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் நிலங்களையும் அவற்றுக்கு உரியோரையும் பதிந்துவைத்த ஏட்டிற்குத் தோம்பு என்பது பெயர். அப்பெயரையே அவர் தம் நூலுக்கும் இட்டார்.

அரசினர் தோம்புக்கு நிலத்தின் எல்லையும் உரியவன் பெயரும் போதும். சனாதனனின் தோம்பிலோ, வீட்டை இழந்தவர் கை நடுங்கிய இடமும் கோட்டில் தெரியும். நூற்பெயரின் முன்னே 'நிறைவுறாத' என்னும் பொருள்பட ஓர் அடைமொழியும் சேர்த்துள்ளார். அதில் வரையப்பெற்ற வீடுகள் சில, வரையப்பெறாதவை பல்லாயிரம்.